பங்காளிச் சண்டை காப்பாற்றிய சமாதி

வம்சாவளி தேடக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் குடும்பத்தில் எப்போதாவது சொத்துச் சண்டை நடந்திருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அண்ணன் தம்பிகள் ஒற்றுமையாக இருந்து, எல்லாம் வாய்ப்பேச்சிலேயே முடிந்துபோன குடும்பங்களில் மூன்று தலைமுறைக்கு மேல் ஒரு பெயரும் மிஞ்சுவதில்லை. அடித்துக்கொண்டவர்கள்தான் பத்திரம் எழுதினார்கள், பதிவு செய்தார்கள், வக்கீல் வைத்தார்கள், யார் யாருக்குப் பிறந்தவன் என்று கோர்ட்டில் சத்தியம் செய்தார்கள். நில அளவைத் துறையில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் குடும்பத்துச் சமாதி கிடைத்தது பக்தியால் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது முத்திரைத்தாளால் கிடைத்தது.

எங்கள் வீட்டில் இறந்தவர்களை எரிப்பதில்லை, அடக்கம்தான். வீரசைவ மரபு. குழியை நேராகத் தோண்டி, அடியில் ஒரு பக்கச் சுவரைக் குடைந்து மாடம் செய்வார்கள். உடலைச் சம்மணமிட்டு அதில் உட்காரவைத்து, வாழ்நாள் முழுக்கக் கழுத்தில் கிடந்த லிங்கத்தை இடது உள்ளங்கையில் வைத்து, திருநீற்றையும் வில்வத்தையும் கொட்டி நிரப்பி மூடுவார்கள். மேலே ஒரு மேடை. வசதி இருந்தால் ஒரு லிங்கம், ஒரு நந்தி. என் அப்பாவை மாநகராட்சி இடுகாட்டில் அடக்கம் செய்தபோது மாடம் குடைய இடமும் இல்லை, குடையத் தெரிந்த ஆளும் கிடைக்கவில்லை. ஆனால் அப்பாவின் பாட்டனார் காலத்தில் குடும்பத்துக்கென்று சொந்தச் சமாதித் தோட்டம் இருந்தது என்ற பேச்சு மட்டும் வீட்டில் ஓயவே இல்லை. எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள்.

அங்கே கால் வைத்தவர்களில் இன்று உயிரோடிருப்பவர் என் அத்தை ஒருவர்தான். 1937இல் பிறந்தவர். அவருக்கு நினைவிருப்பது, சிவராத்திரிக்கு மறுநாள், குடும்பம் அப்போது குடியிருந்த சென்னை ஏழுகிணற்றிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய் விளக்கேற்றிவிட்டு வருவது. வழியில் ஒரு ரயில் கேட். தோட்டத்தில் ஒரு பெரிய கிணறு, ஓர் இலுப்பை மரம், இரண்டு சமாதி மேடைகள்.

"பெரிய மேடைக்கு முன்னால் நந்தி இருக்கும். சின்ன மேடைமேல் ஒன்றும் இருக்காது. அதன்மேல் உட்கார்ந்துதான் நாங்கள் புளியோதரை தின்போம். பாட்டி பார்த்தால் முதுகில் ஒன்று வைப்பாள்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நந்திக்கு ஒரு காது கிடையாது. உன் அப்பன் கல்லால் அடித்து உடைத்தான். யாரிடமும் சொல்லாதே" என்றார். அப்பா போய்ச் சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. யாரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று தெரியவில்லை.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குச் சங்கு ஊதும் என்றும் சொன்னார். அது பின்னி ஆலைச் சங்காகவும் இருக்கலாம், பெரம்பூர் ரயில்வே பணிமனைச் சங்காகவும் இருக்கலாம். சங்கொலி எட்டும் தூரத்தை வட்டம் போட்டால் பாதி வடசென்னை அதற்குள் வந்துவிடும். சிறுபிள்ளை நினைவை வைத்து நிலம் அளக்க முடியாது. ஆனால் பிற்பாடு, கிடைத்தது சரிதானா என்று ஒத்துப்பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

போக்குவரத்து அறுந்தது 1942இல். அந்த ஏப்ரலில், ஜப்பான் குண்டு போடப்போகிறது என்ற பீதியில் சென்னை காலியாயிற்று. அரசு அலுவலகங்களே வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. தாத்தா குடும்பத்தை ஆரணிக்கு அழைத்துப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கொத்தவால்சாவடியில் இருந்த வெற்றிலை மண்டியும் கைவிட்டுப் போயிருந்தது, ஏழுகிணற்று வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். மயிலாப்பூர்ப் பக்கம் குடியேறினார்கள். அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரம்பூர்ப் பக்கம் போக யாருக்கும் மனம் வரவில்லை.

ஏழுகிணறு என்றதும் இன்னொரு பேச்சும் வரும். வள்ளலார் வீராசாமித் தெருவில் இருந்த காலத்தில் எங்கள் எள்ளுத் தாத்தா அவர் பேச்சைக் கேட்டாராம். வள்ளலார் பிணத்தை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும் என்று சொன்னவர். ஆகவே பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழுகிணற்றுப் பழங்குடும்பம் ஒவ்வொன்றும் இதைத்தான் சொல்லும். வள்ளலார் 1858இலேயே சென்னையை விட்டுப் போய்விட்டார். காகிதம் கிடைக்கும்வரை இதை நான் வம்சாவளி மரத்தில் சேர்ப்பதாக இல்லை.

வேப்பேரியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், சபைக்காரர். அவருடைய குடும்பத் தேடலைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று மூன்று இருக்கிறது. இறந்த நாள், புதைத்த நாள், வயது, தொழில், சில இடங்களில் என்ன நோய் என்பதுவரை பத்தி பத்தியாக எழுதிவைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கோ இன்னும் வசதி. சென்னைக் கல்லறை வாசகங்களைத் திரட்டி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். கல் போனாலும் வாசகம் இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பாவியிருக்கும் கல்லறைக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். அவை அங்கே புதைக்கப்பட்டவர்களுடையவை அல்ல. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி வந்த இடத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளை மறைவாகப் பயன்படுத்திக்கொண்டதால், இனி எதிரிக்கு உதவக் கூடாது என்று கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள். உடம்பு ஓரிடம், கல் ஓரிடம். பழைய இடத்தில் எஞ்சியவற்றில் ஒன்று, 1680இல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸும், சென்னை ஆளுநராக இருந்த எலிஹு யேலின் பிள்ளை டேவிட்டும் கிடக்கும் கூம்புச் சமாதி. அதை அகற்றலாமா என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது.

எங்கள் கதை அப்படி இல்லை. மற்ற வீடுகளில் தர்ப்பணத்துக்காவது மூன்று தலைமுறைப் பெயரை மனப்பாடம் செய்துவைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் குரு பூஜையோடு சரி. தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு. ஒன்றுவிட்டு ஒன்று அதே பெயர் வந்துகொண்டே இருக்கும். முன்னெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். வெளிநாட்டு வம்சாவளி இணையதளங்கள் கேட்கும் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் சொத்துப் பத்திரம் எதுவும் இல்லை. சொத்து இருந்தால்தானே பத்திரம் இருக்கும். ஒரு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் "சார்வரி ௵ ஆவணி பாகப் பத்திரம்" என்று எழுதியிருந்தது. தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். சார்வரி என்றால் 1840ஆகவும் இருக்கலாம், 1900ஆகவும் இருக்கலாம், 1960ஆகவும் இருக்கலாம். 1840இல் எள்ளுத் தாத்தா பிறந்திருந்தாலே அதிகம். 1960இல் பாகம் பிரிக்க எங்களிடம் பாத்திரம் பண்டம் தவிர ஒன்றும் இல்லை. மிச்சம் 1900, ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை.

இங்கே ஒரு தகவல் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டுக் கையால் தேட வேண்டும். வில்லங்கம் தேட சர்வே எண் வேண்டும். நமக்கு அதுதான் தெரியாது. ஆனால் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் அட்டவணைகள் தனியாக உண்டு. முதல் அட்டவணை ஆட்களின் பெயர்வாரி, இரண்டாம் அட்டவணை சொத்துவாரி. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறது. உயில் போன்ற சிலவற்றுக்குத்தான் கட்டுப்பாடு. அண்டை அயலார் வீட்டு வில்லங்கத்தைத் துருவத்தான் எல்லோரும் இந்தப் பிரிவைப் பயன்படுத்துகிறார்கள். வம்சாவளிக்கு இது பொற்சுரங்கம்.

சுரங்கம் என்பதால் உள்ளே போவது சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். பூச்சி தின்ற பக்கங்கள், ஒரே பெயருக்கு எழுத்தர் ஒவ்வொருவரும் போட்ட வெவ்வேறு ஆங்கில எழுத்துக்கூட்டல், புள்ளியே வைக்காத தமிழ்க் கையெழுத்து. ஓர் அலுவலகத்தில் அந்த ஆண்டுத் தொகுதியே இல்லை என்றார்கள். அது இன்னோர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. இழுத்தடிப்பை விவரித்துப் பயனில்லை. பத்திரம் கிடைத்தது.

எள்ளுத் தாத்தா இறந்தபின் அவருடைய இரண்டு மகன்கள், அதாவது என் கொள்ளுத் தாத்தாவும் அவர் தம்பியும், பாகம் பிரித்துக்கொண்ட பத்திரம். மண்டி பெரியவருக்கு, தோட்டம் பாதிப் பாதி. வசூலாக வேண்டிய பிராமிசரி நோட்டுகள் ஒரு முழுப்பக்கம். அப்பன் நன்றாகவே வட்டிக்கு விட்டிருக்கிறார். பெண்கள் ஒரே வரியில், கல்யாணம் செய்து கொடுத்தாயிற்று, சீதனம் பெற்றுக்கொண்டார்கள் என்று முடிகிறார்கள். பெயர் இல்லை. அதே அட்டவணையில் சில மாதம் தள்ளி, அந்தப் பெண்களிடம் வாங்கிய விடுதலைப் பத்திரம் இருந்தது. கையொப்பம் வாங்க வேண்டியிருந்ததால் அங்கே பெயர் எழுதியே ஆக வேண்டியதாயிற்று. மூன்று பெண்கள், கணவன் பெயர், ஊர், பெருவிரல் ரேகை. சொத்தில் உரிமை இல்லை என்று எழுதி வாங்கிய காகிதத்தில்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் முதல்முறையாகப் பெயரோடு வருகிறார்கள். நம் ஊரில் பெண்வழி தேடுகிறவர்கள் விடுதலைப் பத்திரங்களை விட்டுவிடக் கூடாது.

தோட்டத்துக்கு நான்கெல்லை சொல்லி, நடுவே "சமாதி ஸ்தலம் குழி 2 நீக்கி" என்று ஒரு வரி. அது இருவருக்கும் பொதுவாம், போகவர பாத்தியம் உண்டாம். அந்த 'குழி 2'ஐப் படித்ததும் எனக்குப் பழைய வேலை ஞாபகம் கைக்கு வந்துவிட்டது. சென்னை அளவில் ஒரு காணிக்கு இருபத்துநான்கு கிரவுண்டு, அதாவது 57,600 சதுர அடி. அதே காணிக்கு நூறு குழி. ஆக ஒரு குழி 576 சதுர அடி, இருபத்துநான்கு அடிக் கோலால் அளந்த ஒரு சதுரம். இரண்டு குழி என்றால் 1152 சதுர அடி, அரைக் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. கோல் போட்டு அளந்தவன் அதை நாற்பத்தெட்டுக்கு இருபத்துநான்காகத்தான் அளந்திருப்பான். வேறு எப்படி அளந்தாலும் கணக்குப் போட வேண்டிவரும்.

நான்கெல்லையில் வந்த பெயர்களெல்லாம் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் பெயர்கள். வடக்கே ஓட்டேரி நல்லா என்ற கால்வாய் மட்டும் இன்றும் புரியக்கூடியது. அதற்கு மேல் நகர வேண்டுமென்றால் தம்பி வழிப் பங்காளிகளைப் பார்க்க வேண்டும். அவர்களோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை அறுந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. ஏன் என்று இரு தரப்பிலும் யாருக்கும் தெரியாது. ஆனால் சாவுக்குப் போவதில்லை, கல்யாணத்துக்கு அழைப்பதில்லை என்பது மட்டும் ஒழுங்காக நடந்துவந்தது. கொளத்தூரில் ஒரு பெரியவர் இருப்பதாக விசாரித்துக்கொண்டு போனேன். எனக்கு அண்ணன் முறை, எழுபதைத் தாண்டியவர். வாசலில் நிற்கவைத்தே கேட்டார்:

"பாகம் கேட்டா வந்திருக்கிறீர்கள்?"

"கேட்பதற்கு என்ன இருக்கிறது அண்ணா? சமாதி எங்கே என்று தெரிந்தால் போதும்."

அண்ணா என்றதும் கொஞ்சம் இளகினார். உள்ளே போய் ரோஸ் நிற நாடா கட்டிய ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார். 1920களில் அவர்கள் தரப்பு எங்கள் தரப்பின்மேல் போட்ட வழக்கின் தீர்ப்பாணை நகல். என் கொள்ளுத் தாத்தா தன் பாதித் தோட்டத்தை விற்றபோது கிணற்றையும் சமாதிக்குப் போகும் வழியையும் சேர்த்தே விற்றிருக்கிறார். சண்டை அங்கே பிடித்தது. வழக்கின் சாராம்சத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். வாதி தரப்பு அதை எழுபது பக்கத்துக்கு நீட்டியிருந்தது, நல்லவேளை. அதில் முதல் அட்டவணையே வம்சாவளி. மேலே எள்ளுத் தாத்தா, அவருக்கும் மேலே அவருடைய அப்பா, கீழே கிளை கிளையாகப் பிள்ளைகள், குழந்தையிலேயே இறந்தவை உட்பட. பாகப் பிரிவினை வழக்கு என்றால் யாருக்கு எத்தனையில் ஒரு பங்கு என்று காட்டியாக வேண்டும். அதற்கு மரம் வரைந்தே தீர வேண்டும். எதிர்த் தரப்பு வக்கீல் ஒவ்வொரு பெயரையும் மறுத்துப் பார்த்து முடியாமல் விட்ட மரம் அது. எந்தக் குலகுருவின் ஏட்டுக்கும் இந்த உரைகல் கிடையாது.

கட்டின் அடியில் கமிஷனர் வரைபடம். கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக அமர்த்தி இடத்தைப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறது. மெழுகுத் துணியில், ஓர் அங்குலத்துக்கு நாற்பது அடி. கிணறு ஒரு வட்டம். சமாதி ஸ்தலம் ஒரு நீள்சதுரம். அதற்குள் தெற்கே ஒரு பெரிய கட்டம், வடக்கே ஒரு சின்னக் கட்டம். அத்தை புளியோதரை தின்ற மேடை. வரைந்தவரின் கையை மெச்ச வேண்டும். நிழல் கோடு கூடப் பிசகவில்லை. அண்ணன் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் வந்தேன். எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, "சர்க்கரை போட்டார்களா?" என்று கேட்டாள்.

பழைய வரைபடத்தை இன்றைய நகர நில அளவை வரைபடத்தின்மேல் பொருத்துவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இரண்டு வரைபடத்திலும் அசையாமல் இருக்கும் புள்ளிகள் வேண்டும். நல்லாவை நம்ப முடியாது. கரை கட்டும்போதெல்லாம் அது ஒதுங்கும். கிணறு தூர்ந்துவிட்டது. மரம் கேட்கவே வேண்டாம். பழைய ஊர்களில் அசையாதது சாலை வளைவு. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒரு சாண்கூட நகர விட மாட்டார்கள், அதனால் நூறு ஆண்டானாலும் வளைந்த இடத்திலேயே வளைந்திருக்கும். கமிஷனர் வரைபடத்தில் ஒரு வளைவும், அதிலிருந்து பிரியும் வண்டிப்பாதையும் இருந்தன. வண்டிப்பாதை இன்று ஒரு தெரு. தெருவில் வளைவிலிருந்து அடி கணக்குப் பார்த்து வந்தால், நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த இடத்தில் ஒரு சின்னத் துண்டு. பரப்பு 0 கிரவுண்டு 1152 சதுர அடி. குறிப்புப் பத்தியில் 'சமாதி'. சுற்றிலும் தோட்டம் மனை மனையாகச் சிதறி எத்தனையோ கை மாறியிருக்கிறது. அந்த இரண்டு குழியை மட்டும் யாரும் தொடவில்லை. தொட்டால் வில்லங்கம் என்று ஒவ்வொரு பத்திர எழுத்தரும் "நீக்கி" என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ஓட்டேரி நல்லாவுக்குத் தெற்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தெருப் பெயர் எழுதப்போவதில்லை. காரணம் கீழே.

போய்ப் பார்த்தால் அது ஒரு கோயில். சித்தர் பீடம். தரை முழுக்க டைல்ஸ், எஃகுக் கம்பிக் கதவு, ஃபிளெக்ஸ் பேனரில் பௌர்ணமி அன்னதான அறிவிப்பு. சென்னையில் சமாதி வழிபாட்டுக்குக் குறைவில்லை. திருவொற்றியூரில் பட்டினத்தார், திருவான்மியூரில் 1929இல் அடங்கிய பாம்பன் சுவாமிகள் என்று பேர்பெற்ற இடங்கள் உண்டு. அவர்கள் வரலாறு நாடறிந்தது. அந்த வழக்கத்தின் நிழலில் தெருவுக்குத் தெரு பெயர் தெரியாத மேடைகளும் சித்தராகிவிடுகின்றன. உட்கார்ந்த நிலையில் புதைத்திருக்கிறது, மேலே லிங்கம் இருக்கிறது, சொந்தம் கொண்டாட ஆளில்லை. வேறென்ன வேண்டும்?

சுற்றி வருவதுபோல் அடியளந்தேன். நீளவாட்டில் நாற்பத்தெட்டு அடிக்கு ஒரு சாண் குறைவு, சுவர்ப் பூச்சுக்குப் போயிருக்கும். அகலம் இருபத்துநான்கு சரியாக. பீடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஓர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்காமல் காலையும் மாலையும் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றுகிறார். என்னைப் பார்த்து, "முதல்முறையா ஐயா?" என்று கேட்டுவிட்டு வரலாறு சொன்னார். சித்தர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பொதிகையிலிருந்து வந்தவர். பணத்தைக் கையால் தொடாதவர். நோய் என்று வருகிறவர்களுக்கு வெற்றிலை கொடுத்தே குணப்படுத்துவார்.

பிராமிசரி நோட்டுப் பக்கம் என் பையில் இருந்தது. பணத்தைத் தொடாதவர் என்றபோது சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வெற்றிலை என்றபோது சிரிப்பு வரவில்லை. வெற்றிலை இல்லாத பூஜை எங்கும் கிடையாது, அதனால் அது தானாகவும் வந்து ஒட்டியிருக்கலாம். மண்டிக்காரர் என்ற சேதி, கை மாறிக் கை மாறி, மண்டி உதிர்ந்து வெற்றிலை மட்டும் மிஞ்சியதாகவும் இருக்கலாம். இதற்குப் பத்திரம் கிடையாது.

நந்தி புதுசாக இருந்தது. மாமல்லபுரத்தில் செய்து வாங்கியதாம். பழையது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பின்னமாகிவிட்டது ஐயா. பின்னமானதை வைத்துக் கும்பிடக் கூடாது என்றார்கள். கடலில் சேர்த்துவிட்டோம்."

"என்ன பின்னம்?"

"ஒரு காது இல்லை."

இனி எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வடக்கு ஓரத்தில் சின்ன மேடை இல்லை. அந்த இடத்தில் அன்னதானச் சமையற்கட்டு. கல் பதித்த திட்டின்மேல் இரண்டு பெரிய அடுப்பு, கரி பிடித்த அண்டா, மூலையில் அரிசி மூட்டை. வரைபடப்படி திட்டின் இடது பாதிக்கு நேர் கீழே எள்ளுப் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். புருஷன் சித்தர், பெண்டாட்டி அடுப்படி. வீட்டுக்கு வந்து அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே சொன்னேன்.

"அவள் தலைமேல் அடுப்பு எரிகிறதா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். "இருந்த நாளிலும் அவளுக்கு அதுதானே வேலை. மண்டி ஆட்கள் அத்தனை பேருக்கும் அவள்தான் வடித்துக் கொட்டுவாளாம். என் பாட்டி சொல்லியிருக்கிறாள், மாமியார்க்காரி அடுப்பை விட்டு எழுந்து பார்த்ததில்லை என்று. சோறு நன்றாக இருக்குமா?"

நன்றாக இருக்கும் என்றுதான் தோன்றியது.

பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு விஷயம் எட்டியது. அவன் கேட்ட முதல் கேள்வி, அங்கே கிரவுண்டு என்ன விலை போகிறது என்பது. இரண்டாவது கேள்வி, கோர்ட் நகலை அனுப்ப முடியுமா என்பது. தீர்ப்பாணையில் அது பொது இடம், யாரும் விற்க முடியாது என்றே இருக்கிறது. அதோடு, அடுத்தவர் கையில் பன்னிரண்டு ஆண்டு பகிரங்கமாக இருந்த நிலத்தைக் கேட்டு வழக்குப் போடக் காலவரையறைச் சட்டம் இடம் கொடுக்காது. இதெல்லாம் அவனுக்கும் தெரியும், இருந்தும் கேட்கிறான். எங்கள் ரத்தம்தான், சந்தேகமில்லை. நகலை அனுப்பவில்லை. தெருப் பெயரை இங்கே எழுதாததும் அதனால்தான். கொளத்தூர் அண்ணனுக்கு மட்டும் விவரம் சொன்னேன். கேட்டுக்கொண்டு, "உங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் அங்கே போய் உரிமை பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். எங்கள் பக்கம், உங்கள் பக்கம் இன்னும் போகவில்லை.

பெரியவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா என்று வீட்டில் ஒரு விவாதம் நடந்தது. என் மகள் சொல்ல வேண்டும் என்றாள். வரலாறு வரலாறுதான், மறைத்தால் நாளைக்கு அதுவே புராணமாகிவிடும் என்பது அவள் கட்சி. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் தினமும் விளக்கேற்றுகிறார், மாதம் ஒருமுறை தெருவுக்கே சோறு போடுகிறார். எங்கள் குடும்பம் 1942க்குப் பிறகு ஒரு திரிகூடப் போட்டதில்லை. சொல்லும் யோக்கியதை எங்களுக்கு இருப்பதாக எனக்குப் படவில்லை. மரத்தை முழுமையாக வரைந்து, ஆதாரங்களின் நகலோடு மகளிடம் கொடுத்திருக்கிறேன். என் காலத்துக்குப் பிறகு அவள் இஷ்டம்.

அத்தைக்குப் பார்த்தாக வேண்டும் என்று பிடிவாதம். ஒரு பௌர்ணமியன்று ஆட்டோ வைத்து அழைத்துப் போனேன். வாசற்படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேடையைப் பார்த்தார், புது நந்தியை மேலும் கீழும் பார்த்தார், நேராகச் சமையற்கட்டுக்குப் போய்த் திட்டின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்த பெண், இந்தப் பாட்டி அடுப்பைக் கும்பிடுகிறதே என்று விழித்தாள். சாம்பார் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் போட்டார்கள். அத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது பெரியவர் தட்டோடு வந்து யார் பெயருக்கு அர்ச்சனை, என்ன நட்சத்திரம் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"சுவாமி பேருக்கே செய்யுங்கள்."

தட்டில் நூறு ரூபாய் வைத்தார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபிறகு, "வட்டிக்கு விட்டவனுக்கு இதுவே அதிகம்" என்றார்.